குறைபாடு: இல்லை

மார்ச் 3, திங்கள்

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. இருபத்தேழாம் தேதியோடு முடிகிறதாம். பதினோராயிரத்து நானூற்று இருபது ரூபாய் கேட்டிருக்கிறார்கள். போன வருடத்தைவிட ஆயிரத்து அறுநூறு கூடுதல். வண்டிக்கு வயதாக ஆக அதன் விலை இறங்குகிறது, பிரீமியம் மட்டும் ஏறுகிறது. இது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

மகள் இந்துமதியை இந்த மாதம் முப்பதாம் தேதி உடுமலையிலிருந்து பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். நான்தான் போய்க் கூட்டி வருவேன் என்று சொல்லிவிட்டேன். தலைப்பிரசவம், செலவு வரிசைகட்டி நிற்கிறது. அதனால் இந்த முறை கேட்டதைக் கேட்டபடி கட்டப்போவதில்லை. வேண்டாததையெல்லாம் கழற்றிவிட்டு எட்டாயிரத்துக்குள் கொண்டுவராவிட்டால் என் பெயர் சென்னியப்பன் இல்லை.

ஷாஜகானுக்கு போன் போட்டேன். பொள்ளாச்சி–வால்பாறை பஸ்ஸில் பதினெட்டு வருடம் எனக்குக் கண்டக்டராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை பார்க்கிறான். "ஒண்ணொண்ணாப் பாத்துக் கொறச்சுக்கலாமுங்கண்ணே, அவசரப்படாதீங்க" என்றான். சனிக்கிழமை வருகிறான்.

முப்பத்தொரு வருடம் டியூட்டி முடிந்ததும் டெப்போ பதிவேட்டில் வண்டியின் குறைபாடு எழுதிக் கையெழுத்துப் போட்ட கை இது. பெயர் கெடாமல், ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டி முடித்து ஏழு வருடமாகிவிட்டது. இன்றும் அந்த வரியை எழுதாமல் படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை.

குறைபாடு: இல்லை.

மார்ச் 5, புதன்

கேட்டைத் தாண்டி வண்டியை எடுக்கும்போது இடது பக்கத் தூணில் லேசாக உரசிவிட்டது. கொத்தனார் அந்தத் தூணைக் கட்டியதே கோணல். கட்டிய அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டார்கள்?

தவிர, இடது பக்கம் என்பது பஸ்ஸில் டிரைவரின் பொறுப்பு மட்டும் இல்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவு. எதிரே வண்டி வந்து பின்வாங்க நேர்ந்தால் ஷாஜகான் இறங்கி இடது பக்கம் நின்று பஸ்ஸின் உடம்பில் கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். அந்தக் கையை நம்பி, பள்ளத்தைப் பார்க்காமலே பஸ்ஸைத் திருப்பியிருக்கிறேன். காரில் கண்டக்டர் கிடையாது. இடது பக்கம் கொஞ்சம் உரசத்தான் செய்யும்.

வீட்டுக்காரி துளசிக்குப் புதிதாக ஒரு பழக்கம். காரில் பக்கத்தில் உட்கார்ந்தால் டேஷ்போர்டில் விரலால் தட்டிக்கொண்டே வருகிறாள். மோதிரம் பட்டு பிளாஸ்டிக் கீறுகிறது என்று பல தடவை சொல்லிவிட்டேன். "சரிங்க" என்பாள், மறுபடி தட்டுவாள்.

காபியையும் இப்போதெல்லாம் வலது கைப் பக்கம்தான் வைக்கிறாள். நாற்பது வருடமாக இடது பக்கம் வைத்தவள். வயதானால் மனிதர்கள் மாறிப்போகிறார்கள்.

குறைபாடு: இல்லை. (கீறல் கணக்கில் வராது.)

மார்ச் 8, சனி

ஷாஜகான் வந்தான். மூக்குக்கண்ணாடி, பை, ஏஜென்டுக்குரிய சிரிப்பு எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் டம்ளரை வாங்கியதும் பஸ் படிக்கட்டில் நிற்பதுபோல ஒரு காலை மடக்கித்தான் நிற்கிறான்.

எந்தெந்த கவர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பம்பர் போனால் பழைய சாமான் என்று விலையைக் கழிக்காமல் முழுப் பணமும் தர ஒன்று. மழைத்தண்ணீரில் எஞ்சின் போனால் அதற்கு ஒன்று. வழியில் நின்றுபோனால் ஆள் அனுப்ப ஒன்று. சாவி தொலைந்தால் அதற்கும் ஒன்று!

"சாவியெல்லாம் யார்டா தொலைப்பாங்க? எடு அத" என்றேன். எடுத்தான். தண்ணீரில் நான் வண்டியை இறக்கமாட்டேன், அதுவும் போகட்டும் என்றேன். வண்டி நடுவழியில் நின்றால் நானே பானெட்டைத் திறந்து பார்த்துக்கொள்வேன். பம்பர் கவரோடு சேர்த்து அதையும் அடித்தான்.

பிறகு ஒன்று சொன்னான். விபத்து நடந்தால் முதல் பதினைந்தாயிரத்தை நம் கையிலிருந்து போட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் பிரீமியம் நன்றாக இறங்குமாம். "போடு அத" என்றேன். இடிக்காதவனுக்கு அதில் என்ன நஷ்டம்? ஷாஜகான் பேனாவை மூடிவிட்டு, "அத மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் போட்டுக்கலாமுங்கண்ணே" என்றான். துளசியின் முகத்தை ஏன் பார்த்தான் என்று தெரியவில்லை.

வண்டியின் மதிப்பைக் குறைத்துக் காட்டினாலும் பிரீமியம் குறையும் என்றான். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்று போட்டிருப்பதே அவமானம். வாரம் தவறாமல் கழுவித் துடைக்கிற வண்டி. உள்ளே போன துளசி அங்கிருந்தே, "வண்டியவா விக்கப் போறீங்க?" என்றாள். விற்காவிட்டாலும் மரியாதை என்று ஒன்று உண்டு.

என் பெருமை எல்லாம் அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் கிளைமே கேட்காதவர்களுக்கு ஐம்பது சதவீதம் போனஸ். அதற்கு மேல் யாருக்கும் தரமாட்டார்கள். டெப்போவில் எனக்குக் கொடுத்த விபத்தில்லா மெடலுக்கு அடுத்து, நான் வாங்கிய பெரிய மெடல் அதுதான்.

இன்னொரு மிச்சமும் உண்டு. ஓட்டுகிற உரிமையாளருக்கு என்று ஒரு விபத்து கவர் கட்டாயம் எடுக்க வேண்டும். கார் துளசி பெயரில் இருக்கிறது. நான் வால்பாறையில் தங்கிய ராத்திரியெல்லாம் தனியாகக் கிடந்தவள் என்று ஓய்வுப் பணத்தில் வாங்கி அவள் பெயரில் பதிந்தேன். அவளுக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாத உரிமையாளருக்கு அந்த கவர் கிடையாது. வருடா வருடம் முந்நூறு சொச்சம் மிச்சம்.

இதைச் சொன்னபோது ஷாஜகான் தலையைச் சொறிந்தான்.

குறைபாடு: இல்லை.

மார்ச் 10, திங்கள்

காய்கறி மார்க்கெட் வாசலில் ஒரு ஆட்டோக்காரன் இடது கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் நின்றிருந்தான், நீங்கள்தான் போய்ப் பட்டீர்கள் என்று பூக்காரம்மா சாட்சி வேறு சொல்கிறாள். பூ விற்பவளுக்குப் போக்குவரத்தைப் பற்றி என்ன தெரியும்?

பட்டறையில் விட்டுக் கையோடு கண்ணாடி மாற்றினேன். கதவில் இருந்த நசுங்கலையும் எடுக்கச் சொன்னேன். கிளைம் போட்டால் ஐம்பது சதவீதம் ஒரே அடியாகப் போய்விடும், ஆகவே வழக்கம்போல என் பணம். பட்டறைக்காரர், "எல்லாமே எடப்பக்கமாவே வருதுங்களே" என்றார். வேலையைப் பாருங்கள் என்றேன்.

வீட்டில் சொல்லவில்லை.

குறைபாடு: இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

துளசி டிசம்பரிலிருந்து காலை ஆறு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் யோகா வகுப்புக்குப் போகிறாள். இன்று வந்து இடது கெண்டைக்காலில் தைலம் தேய்த்தாள். யோகாவில் இடது காலுக்கு மட்டும் அப்படி என்ன வேலை என்று கேட்டேன். "எல்லாக் காலுக்குந்தானுங்க" என்றாள்.

சாப்பிடும்போது திடீரென்று, "ஏனுங்க, மேட்டுல நின்னுட்டு மறுபடி எடுக்கறப்ப வண்டி பின்னால உருளாதுங்களா?" என்று கேட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். நாற்பது வருடத்தில் என் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சின் இழுக்கிற சத்தம் கேட்டதும் பிரேக்கை விடுவது எப்படி என்று இரண்டு சாப்பாட்டுத் தட்டை மிதித்துக் காட்டாத குறையாக விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ரசம் ஆறிவிட்டது.

குறைபாடு: இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 15, சனி

நேற்றுக் குறைபாடு எழுத மறந்துவிட்டேன். வண்டி நன்றாக இருக்கிறது.

காரை எடுக்கவில்லை. பெட்ரோல் மிச்சம்.

மார்ச் 17, திங்கள்

கண்ணாடிக்குப் பவர் மாற்ற வேண்டும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். துளசியிடம் பென்ஷன் ஆபீஸ் என்றேன். பஸ்ஸில் போனேன்.

ஒரு மிஷினுக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு வைத்தபோது ரொம்ப நேரம் புள்ளியே வரவில்லை. மிஷின் ரிப்பேர் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "வந்துட்டுதான் இருக்குதுங்கய்யா" என்றாள்.

கண்ணில் நீரழுத்தமாம். இடது கண்ணில் பக்கத்துப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். எப்போதாவதும் வேண்டாம் என்றார். சின்ன வயது டாக்டர். இன்னொரு இடத்தில் காட்டிப் பார்க்க வேண்டும்.

மருந்தைக் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள், காகிதங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கே என்னைத் தவிர யாரும் கைவைக்கமாட்டார்கள்.

மார்ச் 21, வெள்ளி

ஷாஜகான் கையெழுத்து வாங்க வந்தான். கொண்டுவந்த தாளில் தொகை ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. எட்டாயிரத்துக்குள் முடித்துவிட்டோம் பார்த்தாயா என்று துளசியைக் கூப்பிட்டேன். உரிமையாளர் அவள், அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் பேனாவை வாங்காமல் நின்றாள். ஷாஜகான்தான் பேசினான்.

"அண்ணே, ஓட்டற ஓனருக்கான கவர இந்தத் தடவ போட்டே ஆகோணுமுங்க."

"அவளுக்குத்தான் லைசென்ஸ் இல்லையேடா?"

"இருக்குதுங்கண்ணே. ஓனருக்கு லைசென்ஸ் இருக்குது."

துளசி உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு காகித உறையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். வலது பக்கமாக. உள்ளே லைசென்ஸ். அட்டையில் அவள் முகம், பெரிய பொட்டோடு, யாரையோ திட்டப்போவதுபோல முறைத்துக்கொண்டு. பிப்ரவரி இருபதாம் தேதி போட்டது. யோகா வகுப்பு நடந்த மண்டபத்து வாசலில்தான் டிரைவிங் ஸ்கூல் வண்டி நிற்குமாம். முதல் தடவையிலேயே பாஸ்.

அறுபது வயதில் எதற்கு இது என்று கத்தினேன். நான் செத்துவிட்டேனா என்றேன். சொல்லக்கூடாத வார்த்தைதான். அவள் என்னைத் திட்டவில்லை.

"காபி டம்ளர எடப்பக்கம் வெச்சா தட்டிவுட்டுர்றீங்க. போன வருசம் தீவாளிக்கு முன்னாடியே பாத்துட்டனுங்க. ஒங்களக் கொற சொல்ல வாய் வரல. பேரு கெடாம ஓட்டுனவருகிட்டப் போயி, ஒங்க கண்ணு தெரியலேன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? கூட உக்காந்து தட்டித் தட்டிப் பாத்தேன். ஒவ்வொரு நாளும் தட்டறதுக்கு நான் கூட வர முடியுமாங்க? அதுக்குத்தான் கத்துக்கிட்டேன்."

ஷாஜகான் தரையைப் பார்த்தபடி, "தட்டறது நாஞ்சொல்லிக் குடுத்ததுங்கண்ணே. அண்ணி வந்து கேட்டாங்க" என்றான். பதினெட்டு வருடம் என் இடது பக்கத்தில் நின்றவன், நான் கேட்காமலே இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறான்.

நான் ஐம்பது சதவீதத்தைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் ஒரு கிளைம் இல்லாமல் ஓட்டியவன் நான், அந்த போனஸ் எனக்குக் கொடுத்தது, அதற்கு என்ன சொல்கிறாய் என்றேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

"போனஸ் ஓட்டறவருக்கு இல்லீங்கண்ணே. வண்டி யாரு பேர்ல இருக்குதோ அவிங்களுக்குத்தான். அது அண்ணியோடது."

கையெழுத்து வாங்காமலே ஷாஜகான் போய்விட்டான். காபியும் குடிக்கவில்லை.

மார்ச் 22, சனி

பதினான்காம் தேதி எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். முப்பத்தொரு வருடப் பதிவேட்டில் நான் பொய் எழுதியதில்லை. பிரேக் பிடிக்காத வண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் எழுதினேன். அதற்காக மேலதிகாரியிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

அன்று மாலை நாலரை மணி, பள்ளிக்கூடம் விட்ட நேரம். பாலக்காடு ரோட்டில் இடது பக்கச் சந்துக்குத் திரும்பினேன். துளசி டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பிரேக் போட்டேன். ஷாஜகான் தட்டினால் என் கால் என்னைக் கேட்காது, அந்தப் பழக்கத்தில் போட்டேன். ஏன் தட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை, சாலை காலியாக இருந்தது. பிறகு பானெட்டுக்கு முன்னால் ஒரு சைக்கிள் வந்தது. ரெட்டை ஜடையும் யூனிபார்மும் போட்ட ஒரு பெண் பிள்ளை, எட்டாவது படிக்கும். ஒரு முழத்தில் தப்பித்து, எங்களைப் பார்த்து "சாரிங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனது. அது சாரி சொன்னது என்னிடம்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போது துளசியின் மோதிர விரல் வீங்கியிருந்தது. அன்றைக்கு நான் அதைப் பார்த்தேன், எழுதவில்லை.

இன்று காலை அந்த மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றி, விரலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். "பிளாஸ்டிக்கு கீறுதுன்னு சொன்னீங்களே" என்றாள். கீறட்டும் என்றேன். இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. எனக்கு முதலில் வந்தது.

டேஷ்போர்டு பெட்டியில் இருந்த சொட்டு மருந்தையும் எடுத்து வந்து கொடுத்தேன். அது அங்கே இருப்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம். அந்தப் பெட்டிக்குள்தான் அவளும் தன் டிரைவிங் ஸ்கூல் ரசீதை வைத்திருந்தாளாம்.

குறைபாடு: ஓட்டுநரின் இடது கண். உடனே கவனிக்கவும்.

(கையெழுத்து) சென்னியப்பன்

மார்ச் 24, திங்கள்

ஷாஜகானை நானே போன் செய்து வரவழைத்தேன். இந்தத் தடவை நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்.

ஓட்டும் உரிமையாளருக்கான கவர், போடு. பம்பருக்கு முழுப் பணம் தருகிற கவர், போடு. புதிதாக ஓட்டுபவர்கள் நாலு இடத்தில் உரசத்தான் செய்வார்கள், அது குற்றம் இல்லை. வழியில் நின்றால் ஆள் அனுப்புகிற கவர், அதையும் போடு. பதினைந்தாயிரத்தை நாமே போட்டுக்கொள்ளும் வீரம் வேண்டாம், அடித்துவிடு. கூட உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ஒரு கவர் உண்டாமே, அது எவ்வளவு?

"அஞ்சு சீட்டுக்கும் சேத்து எரநூத்தம்பதுங்கண்ணே. ஒரு தடவகூட நீங்க அத எடுத்ததில்லையே?"

"இத்தன நாளா நான் அந்தப் பக்கம் உக்காந்ததில்ல. எழுது."

கூட்டிப் பார்த்தால் பதினோராயிரத்து எழுநூற்றுச் சொச்சம். கேட்டதைவிடவும் அதிகம். "கொறைக்கத்தானுங்க கூப்புட்டீங்க" என்று சிரித்தான். துளசி கையெழுத்துப் போட்டாள். துளசிமணி என்று முழுசாக, கூட்டல் கழித்தல் எழுதுகிற பிள்ளைபோல நாக்கை மடித்துக்கொண்டு.

சாவித் தொலைப்பு கவர் மட்டும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சாவி இனிமேல் அவள் இடுப்பில் இருக்குமாம்.

மார்ச் 30, ஞாயிறு

சென்ற வாரம் முழுக்கத் தினமும் காலையில் அவளை உடுமலை ரோட்டில் பாதித் தூரம் ஓட்டவைத்தேன். இன்று காலை ஏழு மணிக்கு நிஜமாகக் கிளம்பினோம். இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. அவள் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். "அடிக்கட்டும், அவனுக்கு அவசரம்" என்றாள். நான் யாருக்கும் இப்படி வழிவிட்டதே இல்லை. கோமங்கலம் தாண்டி ஒரு மேட்டில் நின்று எடுக்கும்போது வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளவில்லை.

இந்துமதி வாசலில் வளையல்கள் குலுங்க நின்றிருந்தாள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து துளசி இறங்கியதைப் பார்த்ததும், "ஏம்மா, நீயா ஓட்டிட்டு வந்தே?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒங்கம்மா வண்டி, ஒங்கம்மா ஓட்டறா. எனக்குக் கண்ணுல கொஞ்சம் கோளாறு" என்றேன். சொல்லிவிட்டால் அவ்வளவுதான், சின்ன வாக்கியம். இத்தனை நாள் அதைச் சுமந்து திரிந்திருக்கிறேன்.

திரும்பும்போது அவர்கள் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் பின்பக்கமாக எடுக்க வேண்டியிருந்தது. இடது ஓரத்தில் தேங்காய் லாரி ஒன்று நின்று மறைத்தது. பின் சீட்டில் மகள், வயிற்றில் கைவைத்தபடி. துளசி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னாள்.

"எடப்பக்கம் எனக்குத் தெரியலீங்க. பாத்துச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்துச் சொல்கிறாள், இடது பக்கம் பார்த்துச் சொல்லச் சொல்லி. கழுத்தை மட்டும் திருப்பினால் எனக்குப் போதாது. பெல்ட்டைத் தளர்த்தி, தோளோடு முழுசாகத் திரும்பி, நல்ல கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். லாரிக்குப் பின்னாலிருந்து புல்லுக்கட்டோடு ஒரு மொபெட் வந்தது. டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினேன். நின்றாள். மொபெட் போயிற்று. இன்னொரு தடவை முழுசாகப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது, இந்த முறை நிஜமாகவே காலி.

இரண்டு தட்டு தட்டினேன்.

தடம்: பொள்ளாச்சி – உடுமலை – பொள்ளாச்சி.

ஓட்டுநர்: துளசிமணி.

நடத்துநர்: சென்னியப்பன்.

குறைபாடு: இல்லை.